சோபாவும் திருப்புளியும்

அவனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. தெருவில் அவன் டெம்பரவரி. டீக்கடைக்காரர் வைத்த பெயர் அது. ஒருநாள், "தம்பி இப்ப எங்க வேலை?" என்று அவர் கேட்டதற்கு, "இப்போதைக்கு டெம்பரவரியா ஒரு இடத்துல" என்றான். அடுத்த மாதம் கேட்டபோதும் அதையே சொன்னான், இடம்தான் வேறு. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. "வா டெம்பரவரி" என்று டீயை நீட்டினார். என் வாழ்க்கையில் நிரந்தரமானது இந்தப் பெயர் ஒன்றுதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவான். அந்த ஒரு காரியத்தில்தான் அவனுக்குச் சுறுசுறுப்பு.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். வருகிறவர்களின் காகிதங்களை ஒரு வரி விடாமல் படித்து, சந்தேகமும் கேட்டுவிட்டுத்தான் நகல் எடுத்தான். கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். நீச்சல் குளத்தில் காவல் வேலை கிடைத்தது. நீந்தத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை, தெரியாது என்று இவனும் சொல்லவில்லை, இரண்டு தரப்பும் கொஞ்ச நாள் நம்பிக்கையோடு இருந்தார்கள். அப்புறம் மிக்ஸி கம்பெனியில், வாடிக்கையாளர் குறைகளைப் போனில் கேட்கும் வேலை. "ஆமாங்க, சுத்த மோசம், எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்று எல்லோரிடமும் மனசாற ஒப்புக்கொண்டான். அப்படி ஒப்புக்கொள்கிற ஆள் அந்தக் கம்பெனிக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கப்போவதில்லை. வேலை போனால் அவன் வருத்தப்பட்டதே கிடையாது. கிடைத்த அன்றைக்குத்தான் முகம் வாடும்.

முப்பத்திரண்டு வயதில் அவன் குடியிருந்தது அக்கா வீட்டு ஹாலில், சோபாவில். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன்தான். ஆறு வருஷம் ஆயிற்று. சோபாவில் அவன் தலைக்கு ஒரு பள்ளமும் இடுப்புக்கு ஒரு பள்ளமும் விழுந்துவிட்டன. விருந்தாளி யாராவது அதில் உட்கார்ந்தால் தன்னையறியாமல் சாய்ந்து படுக்கப் பார்ப்பார்கள்.

அக்கா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களைக்கூட ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடும் குரல் அவளுக்கு. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோனதை ஓட வைப்பதுதான் அவர் தொழில். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்களைப் பதறாமல் பேசிப் பேசியே வெளியே எடுத்துவிடுவார். தன் வீட்டு ஹாலில் மாட்டிக்கொண்ட ஆளிடம் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை.

சோபாவுக்கும் சுவருக்கும் இடுக்கில் டெம்பரவரி ஒரு திருப்புளி செருகி வைத்திருந்தான். வாசல் கதவில் சாவிச் சத்தம் கேட்டால் போதும், எழுந்து, போர்வையைக் காலால் தள்ளிவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். புருவத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலையை யோசிக்கிற ஆள் மாதிரி இருக்கும். என்னடா பண்ற என்று அக்கா கேட்பாள். சும்மா, இது கொஞ்சம் ஆடுற மாதிரி இருந்தது என்பான். எது ஆடியது என்று அவள் கேட்டதில்லை. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவன் கையால் ஒரு ஸ்க்ரூகூடத் திருகப்படவில்லை. நல்லவேளையாகப் பூட்டு பழசு, கொஞ்சம் இறுக்கம். அக்கா சாவியைப் போட்டு, ஆட்டி, எடுத்து, மறுபடி போட்டு உள்ளே வருவதற்குள் அவனுக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். அந்தப் பூட்டைச் செய்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று பலமுறை வாழ்த்தியிருக்கிறான்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒரு பர்னிச்சர் கடையில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு நாள் அத்தான் துணி காயப்போடும் சாக்கில் அவனை பால்கனிக்குக் கூப்பிட்டார். டாக்டர் வேறு ஊரில் பெரிதாக ஒரு கிளினிக் திறக்கிறாராம். நிர்வாகம் முழுவதையும் அக்காவிடம் கொடுக்கிறேன் என்றாராம். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டாக்டர் விடாமல், ரெண்டு மாசம் யோசித்துவிட்டுச் சொல் என்று அனுப்பியிருக்கிறார். லிஃப்ட் எந்த ஊரிலும் நிற்கும், எனக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு என்றார் அத்தான்.

"அவ ஏன் மாட்டேன்னா தெரியுமா?"

"சம்பளம் பத்தலையா?"

"நீ."

அத்தான் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "அவனை யாரு பார்த்துப்பான்னு கேக்கறா. நான் உன்னைப் போகச் சொல்லல மச்சான். ஒரே ஒரு வேலையில ரெண்டு மாசம் நில்லு. அதைப் பார்த்தா அவளுக்கு மனசு வந்துடும். நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லாத."

அடுத்த நாள் பகலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. இது அவன் சரித்திரத்தில் முதல் தடவை. தன்னால் யாருக்கும் ஒரு உபகாரமும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்; உபத்திரவமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பெருமை இருந்ததால்தான் இத்தனை நாள் தன்னைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. அக்காவின் வாழ்க்கைக்குக் குறுக்கே ஒரு சோபாவைப் போட்டு அதில் தான் படுத்திருக்கிறோம் என்பது அவனுக்குச் சிரிப்பாக இல்லை.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இவன் கெட்டதற்குச் சினிமா கிடைத்தது. அந்த வாரம் கடையிலிருந்து ஒரு பழைய சோபாவை ஷூட்டிங் நடக்கும் இடத்தில் இறக்கச் சொன்னார்கள். இறக்கினான். கையெழுத்துப் போட ஆள் வரும்வரை அதிலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையவில்லை. கேமராமேன் அவனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். படத்தின் ஹீரோவுக்கும் இவனுக்கும் ஒரே உயரம், ஒரே தோள் அகலம். தொப்பை மட்டும் அவருக்குப் பஞ்சு வைத்துக் கட்டியது, இவனுக்குச் சொந்தம். லைட் சரிசெய்யும் வரை ஹீரோவின் இடத்தில் ஹீரோவுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்க அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். இருந்த ஆள் அலுத்துப்போய் ஓடிவிட்டான். மணிக்கணக்காகச் சும்மா உட்கார வேண்டும், அதுதான் வேலை, வருகிறாயா என்று கேட்டார்கள். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருப்பதை இத்தனை வருஷமும் தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று அவனுக்குக் கோபம்தான் வந்தது.

வேலை வேலையாகத் தாவிக்கொண்டு உருப்படாமல் திரியும் ஒருத்தனைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. அவன் அக்கா வீட்டில் ஒண்டியிருப்பதாகக் கதை. கதையைக் கேட்ட டெம்பரவரிக்கு, இதில் கதை எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. ஹீரோவோ விடியும் முன் எழுந்து ஓடுகிறவர், எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர், பிறந்ததிலிருந்து ஒரு நாளும் சும்மா இருந்தறியாதவர். சோபாவில் சாய்ந்தாலும் கடிகாரம் பார்ப்பது போலவே சாய்வார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஹீரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டெம்பரவரிக்கு எதிரே உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்தார்.

யாரும் அவனிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. தலைகால் புரியவில்லை அவனுக்கு. குதிகாலால் இன்னொரு காலைச் சொறிவது எப்படி, டம்ளரைக் கழுவாமல் இருக்க அதைச் சன்னலில் மறந்த மாதிரி வைப்பது எப்படி, வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பிப் பூங்கா பெஞ்சில் படுப்பது எப்படி என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? திருப்புளியையும் சொல்லிவிட்டான். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்து, அந்தக் காட்சியைப் படத்தில் சேர்த்துவிட்டார்.

வீட்டில் அக்காவுக்கு நம்பமுடியவில்லை. ஒரு மாதம் தாண்டியும் தம்பி காலையில் குளித்துவிட்டுக் கிளம்புகிறான். என்ன வேலை என்று கேட்டால், பொறுப்பான ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். பொய்யில்லை. அவள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், அந்த ஊரில் வீடு வாடகைக்குக் கிடைப்பது சிரமமாமே என்று பொதுவாகச் சொன்னாள். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, தேடினால் கிடைக்கும் என்றார். டெம்பரவரி மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டான்.

திருப்புளிக் காட்சியை எடுக்கும் நாள் வந்தது. அக்காவாக நடிப்பவர் அனுபவமுள்ள நடிகை, சொன்னதைச் சுத்தமாகச் செய்கிறவர். கதவுக்கு வெளியே நின்றார். டைரக்டர் குரல் கொடுத்ததும் சாவியைப் போட்டுத் திருகி உள்ளே வந்தார். ஹீரோ அப்போதுதான் போர்வையிலிருந்து ஒரு காலை எடுத்திருந்தார். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை திருப்புளி வரை கை போயிற்று, அதற்குள் அக்கா உள்ளே. மறுபடி மறுபடி எடுத்தும் ஹீரோவால் ஃபிரிட்ஜ் வரை போய்ச் சேர முடியவில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற மனிதருக்கே முடியவில்லை. டைரக்டர் டெம்பரவரியைக் கூப்பிட்டு, நடக்காத காரியத்தைச் சொல்லி இப்படிக் கழுத்தறுத்துவிட்டாயே என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பூட்டு இறுக்கம், அக்காவுக்குத் திறக்க நேரமாகும், இங்கே பூட்டு புதுசு என்று விளக்கினான். டைரக்டர் சமாதானமாகிவிட்டார். நடிகை ஆகவில்லை. எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும், எப்படி ஆட்ட வேண்டும் என்று தெரிந்தால்தான் அவரால் செய்ய முடியும்.

"உங்க அத்தான் வந்தா அவருக்கும் நேரமாகுமா?"

"ஆகும். அவர் இருமுவார் வேற."

"நீங்க வெளியில போயிட்டு வருவீங்கல்ல. நீங்க திறக்கும்போது?"

"ஒரே திருகுல திறந்துடும்" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. அந்தப் பூட்டை எத்தனையோ நாள் அவன் திறந்திருக்கிறான். வெண்ணெயில் கத்தி போல சாவி இறங்கும். மெக்கானிக் வீட்டுப் பூட்டு எப்படி இறுகும்? நடிகை கையிலிருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப உங்க அக்கா நீங்க எழுந்திருக்கறதுக்காக வெளியில நிக்கறாங்க தம்பி."

டைரக்டர் அவசரமாக எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த தடவை நடிகை கதவுக்கு வெளியே நின்று சாவியை ஆட்டினார், எடுத்தார், மறுபடி போட்டார். ஹீரோ சாவகாசமாக எழுந்து ஃபிரிட்ஜுக்குப் போனார். காட்சி ஒரே தடவையில் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டெம்பரவரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்றோடு அவன் உட்காரும் கலை போய்விட்டது. சோபாவில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்தது. அக்கா ஒரு கையில் காய்கறிப் பையோடும், இன்னொரு கையில் சாவியோடும், நாள் முழுக்க வேலை பார்த்த காலோடும், சொந்த வீட்டு வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மழை நாட்களிலும் அப்படித்தானே நின்றிருப்பாள்? காலை மாற்றினான், கையை மாற்றினான், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். சரிசெய்த லைட்டெல்லாம் வீணாயிற்று. அவன் நிழல் ஓரிடத்தில் நிற்கவில்லை. கேமராமேன் நல்ல மனிதர், ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தப்பா நினைக்காதப்பா. உனக்குச் சும்மா இருக்கத் தெரியல."

எத்தனையோ வேலையிலிருந்து எத்தனையோ காரணத்துக்காக அவனை அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் காரணத்துக்காக அனுப்புவார்கள் என்று அவனைப் பெற்றவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள். ரெண்டு மாசத்துக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் போயிற்று. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சாவி ஒரே திருகில் இறங்கியது. ஹாலில் சோபா இரண்டு பள்ளத்தோடு அவனுக்காகக் காத்திருந்தது. வழக்கமாக இந்த மாதிரி நாளில் என்ன செய்வான் என்று சோபாவுக்குத் தெரியும். அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் இடுக்கில் கையை விட்டுத் திருப்புளியை எடுத்து, சோபாவைக் கவிழ்த்துப்போட்டு, காலைக் கழற்ற உட்கார்ந்தான்.

திருப்புளி ஸ்க்ரூவில் உட்காரவில்லை. சோபாவில் இருந்ததெல்லாம் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அவன் கையில் இருந்தது தட்டை முனை. எழுந்து போய் ஃபிரிட்ஜைப் பார்த்தான். நட்சத்திரம். அலமாரியைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், எல்லாம் நட்சத்திரம். ஆறு வருஷமாகக் கையில் பிடித்து நின்ற ஆயுதம் அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவுக்கும் ஆகாது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தான். கட்டிலுக்கு அடியிலிருந்த அத்தானின் பெட்டியை இழுத்து, பொருந்துகிற திருப்புளியை எடுத்து வந்தான்.

கால்கள் வந்தன, கைப்பிடிகள் வந்தன, முதுகு தனியாக வந்தது. உள்ளேயிருந்து ரெண்டு பேனா, ஒரு சீப்பு, அக்கா வீடு முழுக்கத் தேடிய ஒற்றைக் கம்மல் எல்லாம் வந்தன. ஸ்க்ரூக்களை ஒரு டம்ளரில் போட்டு, அந்த டம்ளரைச் சன்னலில் மறக்காமல் பத்திரமாக வைத்தான். சட்டை முழுக்க வேர்வை. இந்த வீட்டில் இதற்கு முன் அவனுக்கு வேர்த்தது காய்ச்சலில் மட்டும்தான்.

அந்திக்கு வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போன காலைத் திருப்பிக் கதவுப் பக்கம் நடந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தை அன்றுதான் முழுசாகக் கேட்டான். சாவிக்கொத்து குலுங்கியது. பையைக் கை மாற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு. மறுபடி குலுங்கியது. உள்பக்கத்திலிருந்து கதவைத் திறந்தான். அக்கா சாவியைப் பூட்டில் போடவே இல்லை. கையில் வைத்துக் கதவில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பூட்டு இறுக்கம் இல்லல்ல அக்கா?"

அவள் அவனையும், அவன் பின்னால் துண்டு துண்டாகக் கிடந்த சோபாவையும் பார்த்தாள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "நீ வந்த புதுசுல ஒரு நாள் பட்டுனு திறந்துட்டேன்டா. நீ படுத்திருந்த. என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு இருக்கே, அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. அதான்."

அவன் எதிரே உட்கார்ந்தான். வேலை போய்விட்டதைச் சொன்னான். ஏன் போயிற்று என்று கேட்டாள். சும்மா இருக்கத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பொய்யில்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். கடைசியாக அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தது எப்போது என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"அந்த ஊருக்குப் போக்கா" என்றான். "நான் நல்லா வந்துடுவேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன், பண்ணினா நீயே நம்ப மாட்ட. பழைய பர்னிச்சர் கடைக்காரரைப் போய்ப் பார்க்கறேன். கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. நான் எப்படியோ போறேன். நீ எனக்காக வெளியில நிக்காத, அது போதும்."

அக்கா ஒற்றைக் கம்மலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் இருமல் கேட்டது. அப்புறம் சாவி குலுங்கியது. அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள் அக்கா. அத்தான் உள்ளே வந்து, சோபாவைச் சுற்றி நடந்து, ஒரு காலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தத் திருப்புளியில கழட்டின?"

"உங்க பெட்டியில இருந்தது. என்னோடது எதுக்கும் பொருந்தல அத்தான்."

"தெரியும்" என்றார் அத்தான். "நான் மெக்கானிக்டா."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஹால் திடீரென்று பெரிதாகிவிட்டது, பேசினால் எதிரொலித்தது. தட்டுகளை டெம்பரவரி கழுவினான். அவன் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வரும்போது அக்கா போனைக் காதில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களை உட்கார வைக்கும் குரலில்தான் பேச ஆரம்பித்தாள். அது பாதியில் கொஞ்சம் நடுங்கியது.

"நான் வரேன் டாக்டர். இல்ல, இன்னும் யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க உட்கார ஒரு இடம்கூட இல்லாமப் பண்ணிட்டான் என் தம்பி."